கட்டுப் பிரித்த மறுநாள்

சாவியைத் திருப்ப முடியவில்லை. உடைந்த வலது மணிக்கட்டின் மாவுக்கட்டைப் பிரித்த மறுநாள் காலை, ஆறு வாரமாகத் தூசி படிந்து நின்ற காரில் ஏறி உட்கார்ந்து, சாவியைப் போட்டு வலக்கையால் திருகப் பார்த்தேன். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சாவியைப் பிடித்துக்கொண்டன. மணிக்கட்டு வரமாட்டேன் என்று நின்றுவிட்டது. வலி என்று சொல்லும் அளவுக்குக்கூட ஒன்றுமில்லை. துருப்பிடித்த தாழ்ப்பாள் மாதிரி, ஓர் இடத்துக்கு மேல் அசைவே இல்லை. இடக்கையைக் குறுக்கே கொண்டுவந்து திருகி எஞ்சினைக் கிளப்பினேன். ஒரு நிமிடம் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, அணைத்துவிட்டு இறங்கினேன். "என்ன, ஒரு ரவுண்டு போகலையா?" என்றார் கணவர். "பெட்ரோல் கம்மியா இருக்கு" என்றேன். டேங்கில் முக்கால்வாசி இருந்தது.

அந்தப் பொய்தான் இத்தனை மாதம் கழித்தும் உறுத்துகிறது. யாரும் என்னை ஓட்டச் சொல்லி நெருக்கவில்லை. ஆனாலும் முடியவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. எங்கள் வீட்டில் வண்டி ஓட்டுவது நான்தான், இருபத்திரண்டு வருடமாக. கணவருக்குக் கற்றுக்கொள்ளும் ஆசை வந்ததே இல்லை. ஆறு வாரமும் எங்கே போவதானாலும் அண்ணனையோ அண்ணன் மகனையோ கூப்பிட வேண்டியிருந்தது. முகம் சுளிக்காமல்தான் வந்தார்கள். ஆனால் கூப்பிடுவதற்கு முன் பத்து நிமிடம் போனைக் கையில் வைத்துக்கொண்டு யோசிப்பேனே, அது அவர்களுக்குத் தெரியாது. நாட்காட்டியில் கட்டுப் பிரிக்கும் தேதியைச் சுற்றி வட்டம் போட்டு வைத்திருந்தேன். வீட்டில் எல்லோருக்கும் அது என் விடுதலை நாள். "கட்டுதான் பிரிச்சாச்சே, அப்புறம் என்னம்மா?" என்று அண்ணன் கேட்டதில் தப்பே இல்லை. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

அந்தக் கணக்கே தலைகீழ். கட்டுப் பிரிக்கும் நாளில்தான் கை ஆகப் பலவீனமாக இருக்கிறது. ஆறு வாரம் அசையாமல் கிடந்த மூட்டு இறுகிப்போயிருக்கும், முன்கைத் தசை வற்றியிருக்கும், தோல் செதில் செதிலாக உதிரும். என் இரண்டு கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது வலது கை யாரோ வயதான உறவினருடையது போல இருந்தது. எலும்பு ஒட்டியிருந்தது, உண்மை. உடைந்த இடத்தில் முதலில் ரத்தம் உறைந்து, இரண்டு மூன்று வாரத்தில் மென்மையான திசு பாலம் கட்டி, அது கெட்டிப்பட்டு எலும்பாகிறது. ஆனால் அந்தப் புது எலும்பு தன்னைச் சீராகச் செதுக்கிக்கொள்ள இன்னும் பல மாதங்கள் எடுத்துக்கொள்கிறது. பிடியின் பலம் முழுக்கத் திரும்பச் சிலருக்கு ஒரு வருடம்கூட ஆகும். எக்ஸ்ரேயில் தெரிவது எலும்பு மட்டும்தான். ஓட்டுவதற்குத் தேவையான மற்ற எதுவும் அந்தப் படத்தில் விழுவதில்லை.

தேதி சொல்லாத டாக்டர்

கட்டைப் பிரித்த எலும்பு டாக்டரிடம் நான் கேட்ட முதல் கேள்வி, "எப்போ கார் ஓட்டலாம்?" அவர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டே, "வண்டி முழுசா உங்க கன்ட்ரோல்ல இருக்குன்னு உங்களுக்கு எப்போ தோணுதோ அப்போ" என்றார். எனக்குக் கோபம் வந்தது. மாத்திரைக்கு வேளை சொல்கிறார், மறுபடி எப்போது வரவேண்டும் என்று தேதி சொல்கிறார், இதற்கு மட்டும் ஏன் என் தலையில் பந்தைப் போடுகிறார்? பொறுப்பைத் தட்டிக்கழிக்கிறார் என்றே நினைத்தேன்.

பிறகு வேறு இரண்டு டாக்டர்களிடமும் விசாரித்தேன் (எனக்கு அந்தக் கெட்ட பழக்கம் உண்டு). யாருமே ஒரு எண்ணைச் சொல்லவில்லை. சொல்லவும் முடியாது என்று இப்போது புரிகிறது. மணிக்கட்டு என்று நாம் ஒரே சொல்லில் சொல்கிற இடத்தில், ஆரை எலும்பின் நுனியோடு எட்டுச் சின்ன எலும்புகள் இருக்கின்றன. எனக்கு முறிந்தது ஆரை எலும்பின் நுனி. கட்டைவிரல் அடியில் இருக்கும் படகு எலும்பு முறிந்தால் ரத்த ஓட்டம் குறைவான இடம் என்பதால் ஒட்ட இன்னும் நாளாகும். பிளேட் வைத்து ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் பெரும்பாலும் ஓரிரு வாரத்திலேயே மூட்டை அசைக்கத் தொடங்கிவிடுவார்கள். மாவுக்கட்டுப் போட்ட நாம் அப்போது விரலை மட்டும் ஆட்டிக்கொண்டிருப்போம். இப்படி ஆளுக்கொரு முறிவு, ஆளுக்கொரு கை. எட்டு வாரம் என்று எல்லோருக்கும் சேர்த்து எப்படிச் சொல்வது?

எனக்கு வந்த முறிவுக்குப் பெயர் கோலிஸ் முறிவு. ஆபிரகாம் கோலிஸ் என்ற அயர்லாந்து அறுவை மருத்துவர் 1814இல் இதை விவரித்து எழுதினார். எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்பட்டது 1895இல். அதற்கு எண்பது வருடம் முன்பே, தோலுக்கு மேலே தடவிப் பார்த்தே மனிதர் எழுதியிருக்கிறார். அதில் ஓர் ஆறுதலும் சொல்கிறார்: கை தொலைவான ஏதோ ஒரு காலத்தில் வலியில்லாமல், தங்குதடையின்றி அசையும் என்று. தொலைவான ஏதோ ஒரு காலம்! இருநூறு வருடம் கழித்து என் டாக்டரும் அதையேதான் கொஞ்சம் நாசூக்காகச் சொல்லியிருக்கிறார்.

கட்டோடு ஓட்டலாமா என்று கேட்பவர்கள் உண்டு. அண்ணன் மகன் கேட்டான்: "விரல்தான் வெளியில இருக்கே அத்தை, பிடிச்சுக்க முடியாதா?" முடியாது. உள்ளங்கை வளையாமல் ஸ்டீயரிங்கைப் பற்ற முடியாது, தொட்டுக்கொண்டிருக்கத்தான் முடியும். விபத்து நடந்து இன்சூரன்ஸ்காரர் கேள்வி கேட்கும் நாளில் அந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியும். வலி மாத்திரைகளையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். டிரமடால், கோடீன் வகையறாக்கள் தூக்கத்தைக் கொண்டுவரும். நரம்பு வலிக்குக் கொடுக்கும் சில மாத்திரைகளும் அப்படியே. முதல் வாரம் நான் சாப்பிட்ட மாத்திரையில் டிவியில் செய்தி வாசிப்பவர் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் நான் தூங்கியிருப்பேன்.

"கியர் இடக்கைதானே?"

அண்ணனின் அடுத்த வாதம் இது. எங்கள் வண்டியில் ஸ்டீயரிங் வலப்பக்கம், கியர் இடப்பக்கம். உடைந்தது வலது. அப்புறம் என்ன கஷ்டம்? கேட்க நியாயமாகத்தான் இருந்தது. பிரித்த பத்தாவது நாள் அந்த வாதத்தை நம்பி, யாரிடமும் சொல்லாமல், பக்கத்துத் தெருவரை ஓட்டிக்கொண்டு போனேன். முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்கு மாற்றும்போதே உறைத்தது. இடக்கை கியருக்குப் போகிற அந்த ஒரு நொடியில் ஸ்டீயரிங்கில் இருப்பது வலக்கை மட்டும். நல்ல கை வேறு வேலையாகப் போகும்போதெல்லாம் வண்டி உடைந்த கையிடம் ஒப்படைக்கப்படுகிறது. நெரிசலான தெருவில் அது நிமிடத்துக்கு எத்தனை முறை! ஸ்டீயரிங் இடப்பக்கம் உள்ள நாடுகளில் இது அப்படியே மாறும். எந்தக் கை உடைந்தாலும் தப்பில்லாத வண்டி என்று ஒன்று கிடையாது. ஆட்டோமேட்டிக் இருந்தால் பாதிக் கஷ்டம் குறையும், அவ்வளவுதான்.

திரும்பி வந்து வீட்டு வாசலில் ரிவர்ஸ் எடுத்தேன். கணவர் வெளியே வந்து நின்று, ஓட்டத் தெரியாதவர்களுக்கே உரிய தன்னம்பிக்கையோடு கையை ஆட்டிக்கொண்டிருந்தார். "ஒடி, ஒடி, இன்னும் ரைட்ல ஒடி!" ஓட்டுநர் பாஷையில் ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்புவதற்கு ஒடிப்பது என்றுதான் பெயர். ஒடிந்த கையை வைத்துக்கொண்டு ஒடிக்க முடியாமல் நான் உட்கார்ந்திருந்த அந்த நிலைமையின் வேடிக்கை எனக்கு மறுநாள்தான் தெரிந்தது. அப்போது தெரிந்ததெல்லாம், முதுகும் தோளும் சேர்ந்து ஸ்டீயரிங் மேல் சாய்கின்றன என்பதுதான். மணிக்கட்டு திரும்பாததால் முழங்கையைத் தூக்கி, தோளைச் சாய்த்து, மொத்த உடம்பையும் வைத்து வளைத்துக்கொண்டிருந்தேன். கண் பின்கண்ணாடியில் இல்லை. என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் அந்த நேரம் ஒரு குழந்தை ஓடி வந்திருந்தால் என்ற நினைப்பு ராத்திரி படுத்த பிறகு வந்தது.

ஃபிசியோவில் இதைச் சொன்னேன். சின்ன வயசுப் பெண், ஆனால் கண்டிப்பு ஜாஸ்தி. திட்டவில்லை, "உள்ளங்கையை மேல திருப்புங்க மேடம்" என்றாள். கையேந்துவது போல, உள்ளங்கை வானத்தைப் பார்க்க வேண்டும். நல்ல கை தட்டையாகத் திரும்பியது. வலக்கை பாதி வழியில், யாரோ கைகுலுக்க வருகிற மாதிரி, செங்குத்தாக நின்றது. இந்த முறிவுக்குப் பிறகு பலருக்குக் கடைசியாகத் திரும்பி வருவது இந்த அசைவுதான் என்றாள். பிடிமானத்தை அளக்கும் கருவியைக் கொடுத்து அமுக்கச் சொன்னாள். இடக்கை 24 கிலோ, வலக்கை 7. இத்தனைக்கும் வலக்கைக்காரி நான். பிறகு உள்ளங்கையை மேசையில் கவிழ்த்து வைத்து, கட்டைவிரலை மட்டும் மேலே தூக்கச் சொன்னாள். ஒவ்வொரு முறை போகும்போதும் இதைச் செய்யச் சொல்வாள். எலும்பு விலகாத லேசான முறிவிலும்கூட, சில வாரம் கழித்துக் கட்டைவிரலை நீட்டும் நரம்பு (நாம் நரம்பு என்கிறோம், உண்மையில் தசைநாண்) உரசி உரசி அறுந்துபோவது உண்டாம். திடீரென்று விரல் எழும்பாவிட்டால் உடனே டாக்டரிடம் போகணும் என்றாள். விரல்கள் மரத்துப்போகிறதா என்றும் கேட்பாள். மரத்த விரலுக்கு ஸ்டீயரிங் தன் கைக்குள் நழுவுவது தெரியாது.

அவள் கொடுத்த வீட்டுப்பாடம் எனக்குப் பிடித்திருந்தது. நிறுத்திய காரில், ஹேண்ட் பிரேக் போட்டு, கியரை நியூட்ரலில் வைத்து, எஞ்சினை மட்டும் ஓடவிட்டு, ஓட்டுகிற மாதிரி எல்லாம் செய்து பார்ப்பது. சீட் பெல்ட்டைத் தோளுக்குப் பின்னாலிருந்து இழுத்து மாட்டுவது, இண்டிகேட்டர் போடுவது, ஹார்ன் அடிப்பது, ஸ்டீயரிங்கை இருபக்கமும் கடைசி வரை ஒடிப்பது. எஞ்சின் அணைந்திருந்தால் பவர் ஸ்டீயரிங் வேலை செய்யாது, இரும்பாகக் கனக்கும். அதனால் ஓடவிட்டுத்தான் செய்ய வேண்டும். கதவும் ஜன்னலும் திறந்த இடமாக இருக்க வேண்டும் என்று மூன்று முறை சொன்னாள். ஒரு வாரம் தினமும் வாசலிலேயே ஓட்டினேன். எதிர்வீட்டுப் பையன் வந்து, "ஆண்ட்டி, கார் ரிப்பேரா?" என்று கேட்டான்.

கை விட்ட இடம்

கை உடைந்த ஒன்பதாவது வாரம் எல்லாம் சரியாக இருந்தது. சாவி திரும்பியது. ஒடிக்க முடிந்தது. வலி இல்லை, மாத்திரை இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஆளில்லாத ஒரு பெரிய வாகன நிறுத்துமிடத்துக்கு அண்ணன் ஓட்டிக்கொண்டு போய் இடம் மாறினோம். நான் வட்டம் அடித்தேன், எட்டுப் போட்டேன், கோட்டுக்குள் நிறுத்தினேன். அண்ணனுக்குப் பாதியிலேயே அலுத்துவிட்டது. "போதும்மா, நல்லாத்தான் ஓட்டுற." ஃபிசியோ சொன்ன ஒன்று மிச்சம் இருந்தது. "அண்ணா, நான் போயிட்டே இருப்பேன். நீங்க நினைச்சப்போ பிரேக்னு கத்துங்க." பின்னால் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு முப்பதில் போனேன். கத்தினார். மிதித்தேன். கால் தன் வேலையைச் சரியாகச் செய்தது, வண்டி குலுங்கி நின்றது. அண்ணன் திருப்தியோடு திரும்பிப் பார்த்தார். அவர் முகம் மாறியது. என் வலக்கை ஸ்டீயரிங்கில் இல்லை. மார்போடு ஒட்டிக்கொண்டு, விரல்கள் மூடி, அடிபட்ட பறவை மாதிரி இருந்தது.

நான் எடுக்கவில்லை. எடுத்தது எனக்குத் தெரியவே தெரியாது. வலித்து எடுத்தேனா என்றால் வலி பிறகுதான், அதுவும் கொஞ்சமாக வந்தது. இன்னொரு முறை செய்தோம், இந்த முறை நானே கவனமாக இருந்தேன், விடக்கூடாது என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே போனேன். கத்தினார். மறுபடியும் விட்டது.

இறங்கிப் போய் ஒரு சிமென்ட் திட்டில் உட்கார்ந்தேன். அண்ணன் தண்ணீர் பாட்டிலை நீட்டினார், ஒன்றும் பேசவில்லை. பாட்டிலை வாங்கியபோதுதான் கையை நீட்டிப் பார்த்தேன். முழங்கை நேராக, உள்ளங்கை முன்னால், மணிக்கட்டு பின்பக்கம் வளைந்து. ஈரத் தரையில் வழுக்கியபோது நான் ஊன்றியது இப்படித்தான். பிரேக்கை அழுத்தி மிதிக்கும்போதும் உடம்பு முன்னால் போகிறது, இரண்டு கையும் நேராகி ஸ்டீயரிங்கை ஊன்றுகின்றன, மணிக்கட்டு அதே பக்கம் மடங்குகிறது. கோணம் அதேதான், அவசரமும் அதேதான். எலும்பு ஒட்டியது எக்ஸ்ரேக்குத் தெரியும். கைக்கு யாரும் சொல்லவில்லை. அது தன்னளவில் இரண்டாவது முறை விழுந்துகொண்டிருந்தது. முதல் முறை ஊன்றி என்ன ஆனது என்று அதற்கு ஞாபகம் இருந்தது. இந்த முறை ஊன்ற மறுத்தது. அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் சாலையில் மணிக்கு 60 கிலோமீட்டரில் போகும்போது ஒரு நொடியில் கிட்டத்தட்ட 17 மீட்டர் கடந்துவிடுவோம். பிரேக் பிடித்துக்கொண்டே ஒதுங்க வேண்டிய அந்த நொடியில் ஒரு கை கழன்றுவிட்டால், மீதிக் கை வண்டியை ஒரு பக்கமாக இழுத்துவிடலாம். ஒன்பது வாரத்தில் நான் செய்த பரிசோதனைகள் எல்லாமே நான் எதிர்பார்த்திருந்த அசைவுகள். எதிர்பாராததைச் செய்து பார்த்தது அன்றைக்குத்தான். அதையும் விட்டுவிட்டு அண்ணன் சொன்னபடி "போதும்" என்று கிளம்பியிருந்தால், முதல் பரிசோதனை ஏதாவதொரு சாலையில் யாரோ ஒருவர் குறுக்கே வந்தபோது நடந்திருக்கும். டாக்டர் ஏன் தேதி சொல்லவில்லை என்பதில் எனக்கிருந்த கோபம் அந்தத் திட்டில்தான் போனது.

சுவரும் சீட்டும்

ஃபிசியோ பெண் இதைக் கேட்டு ஆச்சரியப்படவில்லை. கையை நம்ப வைக்க வேண்டும் என்றாள், அதற்கு ஒரு வழிதான்: கொஞ்சம் கொஞ்சமாகப் பாரம். முதலில் சுவரில் உள்ளங்கையை வைத்து நின்றபடி சாய்வது. பிறகு மேசை விளிம்பு. பிறகு நாற்காலிக் கையில் ஊன்றி எழுந்திருப்பது. கடைசியில் சுவரிலிருந்து ஓரடி தள்ளி நின்று, அதன் மேல் விழுந்து கையால் தாங்குவது. இந்தக் கடைசியைச் செய்ய எனக்கு நான்கு நாள் பிடித்தது. சுவர் முன்னால் நின்று நின்று திரும்பி வருவேன். பைக் ஓட்டுகிறவர்கள் இந்த இடத்தில் இன்னும் நிதானமாக இருக்க வேண்டும். அங்கே ஆக்சிலரேட்டரும் முன் பிரேக்கும் ஒரே வலக்கையில். பிரேக் பிடித்தால் உடம்பின் எடை நேரே ஹேண்டில்பாரில் இறங்கும். ஒரு கை விட்டால் தாங்க சீட் பெல்ட்டும் கிடையாது. காருக்குச் சரியென்று ஆன கை ஸ்கூட்டருக்குச் சரியென்று ஆகிவிடாது.

இன்னொரு விஷயமும் வெளியே வந்தது, கொஞ்சம் வெட்கத்தோடு சொல்கிறேன். இருபத்திரண்டு வருடமாக நான் சீட்டைப் பின்னால் தள்ளி, கையை நேராக நீட்டி ஓட்டியிருக்கிறேன். பிரேக் போடும்போது உடம்பைத் தாங்க வேண்டியது பெல்ட்டும், கிளட்சிலும் பிரேக்கிலும் ஊன்றிய கால்களும், சீட்டோடு ஒட்டிய முதுகும். கைகளுக்கு அங்கே திருப்பும் வேலை மட்டும்தான். நான் அவற்றை முட்டுக்கட்டையாக வைத்திருந்தேன். சீட்டை முன்னால் இழுத்து, முழங்கை மடங்கும்படி உட்கார்ந்து, கடிகாரத்தில் ஒன்பதும் மூன்றும் இருக்கும் இடத்தில் பிடித்தேன். கட்டைவிரலை உள்ளே கொக்கி போடாமல் வளையத்தின் மேலேயே வைத்தேன், பள்ளத்தில் சக்கரம் விழுந்து ஸ்டீயரிங் உதறினால் விரல் மாட்டாது. மணிக்கட்டில் விழுகிற பாரம் பாதிக்கு மேல் குறைந்தது போல இருந்தது. ஸ்டீயரிங்குக்கு ரொம்ப ஒட்டி உட்கார்ந்தால் ஏர்பேக் விரியும்போது ஆபத்து, அதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பன்னிரண்டாவது வாரம் வரை ஞாயிறுதோறும் அந்த இடத்துக்குப் போனோம். இருபதில் தொடங்கி, முப்பது, நாற்பது. அண்ணன் கத்திக் கத்தி அவருக்கே பிடித்துப்போய்விட்டது. நான் எதிர்பார்க்காத நேரமாகப் பார்த்து, கதை பேசிக்கொண்டே வந்து, வாக்கியத்தின் நடுவில் கத்துவார். முதல் முறை கை விடாமல் நின்ற நாளில் நாங்கள் இரண்டு பேரும் அதைக் கவனிக்கவில்லை. நான்காவது முறைதான் அவர், "ஏம்மா, கை அங்கேயே இருக்கே" என்றார். பிடிமானக் கருவியில் அந்த வாரம் 17.

இப்போது ஓட்டுகிறேன். அரை மணி நேரத்துக்கு மேல் போனால் ஓரிடத்தில் நிறுத்திக் கையை உதறிக்கொள்கிறேன், குளிர்ந்த காலைகளில் முதல் பத்து நிமிடம் மணிக்கட்டு முணுமுணுக்கிறது. எலும்பின் அடர்த்தியைப் பார்க்கும் பரிசோதனையும் எடுத்துக்கொண்டேன். ஐம்பதைத் தாண்டிய பெண் நின்ற உயரத்திலிருந்து விழுந்து மணிக்கட்டு உடைந்தால் அதைப் பார்த்தாக வேண்டும் என்றார் டாக்டர். போன வாரம் ஒரு வளைவில் நாய் ஒன்று குறுக்கே பாய்ந்தது. மிதித்தேன், ஒதுக்கினேன், நாய் தப்பியது. பக்கத்தில் கணவர், "நல்லவேளை" என்று சொல்லிவிட்டு விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்ந்தார். வீட்டுக்கு வந்து இறங்கும்போது உள்ளங்கைகளைப் பார்த்தேன். ஸ்டீயரிங் உறையின் தையல் தடம் இரண்டிலும் பதிந்திருந்தது. இடது கையில் ஆழமாக, சிவப்பாக. வலது கையில் லேசாக, விரலால் தேய்த்தால் போய்விடுகிற மாதிரி. அண்ணனுக்குப் போன் செய்து ஞாயிற்றுக்கிழமை வர முடியுமா என்று கேட்டேன்.